நெருப்பு வெளியே, வெப்பம் உள்ளே



குளிர் என்ற சொல் நம் நாட்டில் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் வாழ்வோருக்கு அது ஓர் இன்பம். விடுமுறை நாட்களில் தேடிச் சென்று அனுபவிக்கும் பொருள். மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்வோருக்கோ அது நாள்தோறும் விறகைக் கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன். நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவினது. தை, மாசி மாதத்து இரவுகளில் புல்லின் மீது பனி உறைந்து வெண்மையாய்க் கிடப்பதும், அப்பனியால் தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகிப்போவதும் உண்டு.

இத்தகைய இடத்தில் வெந்நீரும் கணப்பும் ஆடம்பரம் ஆகா. மழையில் நாள் முழுதும் நனைந்து கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய்க்கும், விடியற்காலையில் முகம் கழுவிப் பள்ளிக்குப் புறப்படும் சிறுவனுக்கும் அவை உணவையும் உடையையும் போன்ற தேவைகளே. ஆதலின், மலைநாட்டில் வீட்டையும் நீரையும் விறகினால் சூடாக்கும் முறைகளைப் பற்றியும், அவற்றுள் நெருப்பை வீட்டுக்கு வெளியே வைத்து மூட்டும் கொதிகலத்தைப் பற்றியும் இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

ஒரு தேயிலைத் தோட்டத்தை உற்று நோக்கினால் அங்கே மூன்று விதமான நெருப்புகள் எரியக் காணலாம். ஒன்று தொழிற்சாலையில் எரிவது. மற்றொன்று துரை பங்களாவில் எரிவது. மூன்றாவது லயத்துக் காம்பராவில் எரிவது. மூன்றுக்கும் விறகு ஒன்றே. அதனை வெட்டிச் சுமக்கும் கைகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் மூன்று நெருப்புகளும் தம் புகையை மூன்று விதமாக நடத்துகின்றன.

முதலில் தொழிற்சாலையைப் பார்ப்போம். தோட்டத்து மக்கள் அதனை 'ஸ்டோர்' என்று வழங்குவர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட தொடக்க காலத்தில், கொழுந்தைப் பங்களா விறாந்தையிலே கையால் உருட்டி, களிமண் அடுப்புகளில் இட்ட கரி நெருப்பின் மேல் காயவைத்தனர். அந்நாளில் நெருப்பும் இலையும் அருகருகே இருந்தன. விறகை நேரடியாக எரித்தால் இலையில் புகை வாசம் ஏறிவிடும். அத்தகைய தேயிலை விலை போகாது. எனவேதான் கரியை நாட வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களுள் முக்கியமானவர் சாமுவேல் டேவிட்சன் என்னும் அயர்லாந்துக்காரர். அசாம் பக்கத்துக் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றியவர். 1881ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்தில் 'சிரொக்கோ' என்ற பெயரால் இயந்திரசாலை நிறுவியவர். சிரொக்கோ என்பது மத்தியதரைக் கடற்பகுதியில் வீசும் வெப்பக் காற்றின் பெயர். அவருடைய உலர்த்தியில் நெருப்பு ஒரு புறம் எரியும். அதன் புகை இரும்புச் சுவர்களுக்குள் அடங்கிப் புகைபோக்கி வழியே வானத்துக்குச் செல்லும். அந்த இரும்புச் சுவர்களின் வெளிப்புறத்தைத் தடவிச் செல்லும் தூய காற்று மட்டுமே சூடேறி இலையைச் சென்றடையும். இன்றைய தொழிற்சாலைகளிலும் விறகு உலைக்கு அடிப்படை இதுவே. ஏறத்தாழ 100 பாகைச் சூடுள்ள காற்று, நீர் நிறைந்த இலையை நூற்றுக்கு 3 பங்கு ஈரமே எஞ்சும் வரை உலர்த்துகிறது. ஆனால் புகையின் ஓர் இழை கூட இலையைத் தீண்டுவதில்லை.

இரண்டாவது நெருப்பு பங்களாவினுடையது. பழைய தோட்டப் பங்களாக்கள் பலவற்றில் குளியலறைச் சுவரின் வெளிப்புறத்திலே, செங்கல் மேடை ஒன்றின் மேல் இரும்புக் கொதிகலம் ஒன்றை அமைத்திருப்பர். 'பொயிலர்' என்பது அதன் வழக்குப் பெயர். விடியுமுன் பங்களா வேலையாள் ஒருவர் வந்து வெளியிலே நின்றபடி விறகிட்டு மூட்டுவார். சுவரின் மறுபுறத்தில் இருப்பவர் குழாயைத் திருப்பினால் வெந்நீர் கொட்டும். சாம்பலும் புகையும் விறகுத் துணுக்கும் வீட்டுக்குள் வருவதில்லை.

இக்கருவி இயங்கும் விதம் மிக எளியது. கொதிகலத்தை விட உயரமான ஓரிடத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து இறங்கும் குழாய் கொதிகலத்தின் அடிப்பகுதியில் சேரும். நீர் சூடானால் விரிந்து அடர்த்தி குறையும். ஆகவே சுடுநீர் மேலே எழும், குளிர்ந்த நீர் கீழே தங்கும். மேற்பகுதியில் பொருத்திய குழாய் சுடுநீரைக் குளியலறைக்குக் கொண்டு செல்லும். எடுக்க எடுக்கத் தொட்டியிலிருந்து குளிர்நீர் கீழே இறங்கி இடத்தை நிரப்பும். இதற்கு விசைப்பம்பு வேண்டா, மின்சாரமும் வேண்டா.

ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. கொதிகலத்தின் உச்சியிலிருந்து ஒரு குழாய் தொட்டிக்கு மேலே உயர்ந்து திறந்த வாயோடு நிற்க வேண்டும். நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது. அந்த ஆவிக்கு வெளியேற வழி இல்லாவிட்டால் கொதிகலம் வெடிகுண்டாக மாறிவிடும். வாய் திறந்த கலம் காப்பாற்றும். வாய் அடைத்த கலம் கொல்லும். இதனை நினைவிற் கொள்க.

இனி மூன்றாவது நெருப்பு. லயத்துக் காம்பரா பொதுவாகப் 10 அடிக்கு 12 அடி அளவுடையது. முன்னே இஸ்தோப்பு, உள்ளே ஒரு மூலையில் அடுப்பு. பெரும்பாலான பழைய லயங்களில் புகைபோக்கி இல்லை. சன்னல் இருந்தாலும் குளிருக்கு அஞ்சி அதனை மூடியே வைப்பர். தேயிலை இலைக்குப் புகை படக்கூடாது என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இயந்திரம் கண்டனர். அந்த இலையைப் பறிக்கும் பெண்ணின் நெஞ்சுக்குள்ளும், அவள் முதுகில் உறங்கும் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் புகை போகக்கூடாது என்பதற்கு அத்தனை அக்கறை காட்டப்படவில்லை. இந்த வேறுபாட்டை நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை.

விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உண்டு. ஒரு மில்லிமீற்றரை 400 பங்காக்கினால் அதில் ஒரு பங்கினும் சிறியவை அவை. மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் ஆழத்துக்கே செல்லவல்லவை. குழந்தைகளுக்கு நிமோனியாக் காய்ச்சலும், பெரியோருக்கு நாட்பட்ட சுவாச நோயும், கண்புரையும் இவற்றோடு தொடர்புடையன. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் வீட்டினுள் சூழும் புகையினால் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களுள் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். காலை வகுப்பில் கண் சிவந்து, இருமிக்கொண்டு அமர்ந்திருக்கும் மாணவரைக் காணும் மலைநாட்டு ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் எண்ணாகத் தோன்றாது.

அப்படியானால் அடுப்பை அகற்றிவிடலாமே என்பர் சிலர். நேயர்களே, அது அத்தனை எளிதன்று. அந்த ஓர் அடுப்பு எத்தனை வேலைகளைச் செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சோறு சமைக்கிறது, தேநீர் கொதிக்க வைக்கிறது, குளிக்க வெந்நீர் தருகிறது, நனைந்த கம்பளியைக் காயவைக்கிறது, பரணில் அடுக்கிய ஈர விறகை உலர்த்துகிறது, குளிரில் நடுங்கும் முதியவருக்குக் கணப்பாகிறது. புகையைப் போக்க அடுப்பை எடுத்தால் வெப்பமும் கூடவே போய்விடும். அதனால்தான் 'புகை தீங்கு' என்ற அறிவுரை மட்டும் மலைநாட்டில் பயன் தருவதில்லை. நெருப்பையும் வெப்பத்தையும் பிரித்து, நெருப்பை வெளியே நிறுத்தி, வெப்பத்தை மட்டும் உள்ளே அழைக்கும் வழியைக் காட்டினாலன்றி அந்த அறிவுரை நிறைவு பெறாது.

இவ்வழி புதியதன்று. கொரிய நாட்டு மக்கள் 'ஒண்டொல்' என்னும் முறையில், அறைக்குப் புறத்தேயுள்ள அடுப்பில் நெருப்பு மூட்டி, அதன் வெப்பப் புகையைத் தரையின் அடியில் கற்களுக்கு இடையே செலுத்தி, மறுகோடியில் உள்ள புகைபோக்கி வழியே வெளியேற்றுவர். தரை இரவெல்லாம் இதமாக இருக்கும். பண்டைய உரோமரும் தம் குளியல் மண்டபங்களின் தரைக்கடியில் இவ்வாறே வெப்பத்தை ஓடவிட்டனர். அமெரிக்காவின் குளிர் மாநிலங்களிலோ, வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் ஒரு சிறு கொட்டகையில் விறகுக் கொதிகலத்தை வைத்து, நிலத்தடிக் குழாய்களால் சுடுநீரை வீட்டுக்குள் கொண்டுவந்து, வீட்டையும் நீரையும் ஒருங்கே சூடாக்குகின்றனர்.

ஆனால் அமெரிக்க அனுபவம் நமக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. அந்தக் கொதிகலங்களில் பல, காற்று போதாமல் மணிக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்தன. குட்டையான புகைபோக்கியால் புகை அயல்வீட்டுச் சன்னலுக்குள் நுழைந்தது. முறைப்பாடுகள் பெருகவே, 2015ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இவற்றின் புகைக்கும் எல்லை விதித்தது. நெருப்பை வெளியே வைத்தால் மட்டும் போதாது. அது நன்றாக எரிய வேண்டும், அதன் புகை உயரச் சென்று கலைய வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம். சுவரோடு சுவர் ஒட்டிய லயங்களில் வாழ்வோருக்கு இப்பாடம் இன்னும் பொருந்தும். ஒரு வீட்டின் புகை பத்து வீட்டுப் புகை ஆகும் இடம் அது.

நம் மலைநாட்டுக்கு ஏற்றது எது? குழாய்களும் தொட்டியும் அமைக்க வசதியில்லாத குடும்பத்துக்கு, தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலம் வழங்கிய செம்புக் கொதிகலம் நல்ல வழிகாட்டி. உருளை வடிவான கலத்தின் நடுவே நிமிர்ந்த ஒரு குழல். அந்தக் குழலுக்குள் சிரட்டை, சுள்ளி, சிறு விறகு ஆகியவற்றை இட்டு எரிப்பர். சுற்றிலும் தண்ணீர். நெருப்பு நீரின் நடுவே எரிவதால் வெப்பம் வீணாவது குறைவு. இமயமலைச் சாரலிலுள்ள இமாசலப் பிரதேசத்து மக்களும் 'ஹமாம்' என்ற பெயரில் இதே இனத்துக் கருவியைப் பயன்படுத்துகின்றனர். செம்பு வாங்க இயலாதவர் தடித்த இரும்புத் தகட்டிலும் இதனைச் செய்விக்கலாம்.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சில விதிகள் உள்ளன. கொதிகலம் வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி, சிறு கூரையின் கீழ் நிற்க வேண்டும். புகைபோக்கி வீட்டு முகட்டைத் தாண்டி உயர வேண்டும். கலத்தின் மூடி சும்மா மூடியதாக இருக்கட்டும். இறுக்கிப் பூட்டியதாக இருத்தல் கூடாது. தண்ணீர் நிரப்பாமல் நெருப்பு மூட்டுதல் ஆகாது. பூச்சிகொல்லியோ களைநாசினியோ இருந்த பீப்பாயை, எத்தனை முறை கழுவினாலும், இதற்குப் பயன்படுத்தலாகாது. குழந்தைகளுக்கு நீர் கலக்கும்போது முதலில் குளிர்நீரை வாளியில் ஊற்றிப் பின்னரே சுடுநீரைச் சேர்க்க வேண்டும்.

அறைக்குக் கணப்பு வேண்டுவோர், கொதிகலத்தின் செங்கல் மேடையைப் படுக்கையறைச் சுவரோடு சேர்த்துக் கட்டலாம். மாலையில் மூட்டிய நெருப்பின் சூட்டைச் செங்கல் உறிஞ்சி வைத்து, முன்னிரவில் மெல்ல மெல்ல அறைக்குள் விடும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தகரக் கூரையின் கீழ் உட்கூரை இல்லாத வீட்டில் எத்தனை விறகு எரித்தாலும் வெப்பம் வானத்துக்கே போகும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது அது. பலகையாலோ தட்டியாலோ ஓர் உட்கூரை அமைத்து, கதவு இடுக்குகளை அடைத்து, காற்றோட்டத்துக்கு உயரத்தில் ஒரு திறப்பு மட்டும் விட்டால், உடல் வெப்பமும் அடுப்பின் சிறு வெப்பமுமே பெரும் உதவியாகும்.

இனி விறகுக் கணக்கைச் சிறிது பார்ப்போம். நான்கு பேர் உள்ள குடும்பம் ஒன்று ஆளுக்கு 15 லீற்றர் வீதம் 60 லீற்றர் வெந்நீர் பயன்படுத்துவதாகக் கொள்வோம். 15 பாகையிலுள்ள நீரை 40 பாகைக்கு உயர்த்த 1,500 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நன்கு காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி தரும். ஒன்றும் வீணாகாவிட்டால் அரைக் கிலோ விறகே போதும். ஆனால் திறந்த அடுப்பில் நூற்றுக்கு 12 பங்கு வெப்பம் நீரைச் சேர்வதாக வைத்துக்கொண்டால், மூன்றரைக் கிலோவுக்கு மேல் எரிக்க நேரும். நடுவே குழல் உள்ள கொதிகலத்தில் நூற்றுக்கு 40 பங்கு சேருமானால் ஏறத்தாழ 1 கிலோ போதும். நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ மிச்சம். ஆண்டில் 300 நாளுக்கு 750 கிலோ. 25 கிலோ ஒரு தலைச்சுமை என்றால் முப்பது சுமைகள். அந்த முப்பது சுமைகளையும் மலைச்சரிவில் சுமந்து வருபவர் பெரும்பாலும் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு முழுவதும் 'காய்ந்த விறகு' என்ற சொல்லில் தங்கியிருக்கிறது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கும். அந்நீர் ஆவியாகிப் போன பின்னரே மரம் நன்கு எரியும். ஆகவே ஒரு கிலோ பச்சை விறகு தரும் வெப்பம், ஒரு கிலோ காய்ந்த விறகு தருவதில் பாதியைச் சற்றே தாண்டும்; புகையோ பன்மடங்கு. யூக்கலிப்டஸ் மரம் தோட்டங்களில் விறகுக்கென்றே வளர்க்கப்படுவது. அதனை வெட்டியவுடன் பிளந்துவிட வேண்டும். காய்ந்த பின் பிளப்பது கடினம். ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கங்களில் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். தை, மாசி, பங்குனி மாதங்களில் வெட்டிப் பிளந்து, நிலத்தில் படாமல், மேலே மட்டும் கூரையிட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து அடுக்கினால், அடைமழைக் காலத்தில் அவ்விறகு கைகொடுக்கும். கவ்வாத்து வெட்டிய மலைகளில் கிடைக்கும் மிலாறும், நன்கு காய்ந்தால், குழல் அடுப்புக்கு மிகப் பொருத்தமான எரிபொருள். கனமான மரத்தை நாடிக் காட்டுக்குள் செல்ல வேண்டிய அவசியத்தை அது குறைக்கும். நீர் ஊற்றுகளைக் காக்கும் மேட்டுக் காடுகளை விறகுக்கு இரையாக்கினால், கொதிகலம் இருக்கும். பீலியில் நீர் இராது.

ஒரு பெரும் அபாயத்தைச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் தகாது. குளிர் பொறுக்காமல் சிலர் கரிச்சட்டியில் தணல் எடுத்து, அறைக்குள் வைத்து, கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு உறங்குவர். தணலில் புகை தெரியாது. ஆகையால் தீங்கில்லை என்று எண்ணுவர். காற்றுப் போதாமல் கனலும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் வாயு எழுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் ஒட்சிசன் ஏறி அமரும் இடத்தை அது 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு பிடித்துக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் வருமுன்னரே உறக்கம் வந்துவிடும், உறங்கியவர் எழுவதில்லை. மூடிய அறைக்குள் தணல் வேண்டவே வேண்டா. சூடான நீரை ஒரு புட்டியில் நிரப்பித் துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்வது, அதே நெருப்பின் பயனைத் தீங்கின்றித் தரும்.

தோட்டப்புறங்களில் இன்று லயங்களுக்கு மாற்றாகத் தனி வீடுகள் எழுப்பும் முயற்சி நடைபெறுகிறது. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளுக்கு உதவுவதாக அறிவித்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். வீடு எழும்பும் வேளையே இதற்கு ஏற்ற வேளை. சுவர் கட்டும்போது ஒரு புகைபோக்கிக்கு இடம் விடுவதும், வெளிச்சுவரோரம் கொதிகலத்துக்கு ஒரு மேடை போடுவதும் சிறு செலவு. கட்டி முடித்த பின் சுவரை இடித்து அமைப்பது பெருஞ்செலவு. 2022ஆம் ஆண்டில் சமையல் வாயு கிடைக்காமற் போனபோது, நகரத்து மாடி வீட்டினரும் விறகைத் தேடி அலைந்ததைக் கண்டோம். விறகு பழைய காலத்துப் பொருள் என்று கருதி அதனை வீட்டுப் படத்திலிருந்தே நீக்கிவிடும் பொறியியலாளர், பின்னர் குடியிருப்போர் எங்கேனும் ஒரு மூலையில் மூன்று கல்லை வைத்து அதே பழைய புகையை மீண்டும் வரவழைப்பதையே காண்பார்.

பங்களாவுக்கு வெந்நீர் கொடுத்த அறிவும், தேயிலைக்குத் தூய காற்றுக் கொடுத்த அறிவும் நம் கண்முன்னே நூறாண்டுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கின்றன. கட்டியவரும் மூட்டியவரும் நம்மவரே. அவ்வறிவைப் படியிறங்கி லயத்துக்கும் புது வீட்டுக்கும் அழைத்து வருவதே இனி எஞ்சியுள்ள வேலை. வீடு கட்டுவோரும், கட்டிக் கொடுப்போரும், பள்ளியிலே விஞ்ஞானம் கற்பிப்போரும் இதில் கருத்துச் செலுத்துவாராக.